வரையாத முனை

தவணை தவறிய ஆட்டோக்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு.
தேடிப் பிடிக்கப் பதினொரு பேர்.
"எட்டாக் குறைக்க முடியுமா பாருங்க" என்றார் கட்டிமனி,
ரெசிடென்சி ரோட்டு மூன்றாம் மாடியில்
பிளாஸ்க்கிலிருந்து மூடியில் காபி ஊற்றியபடி.
என் ஆராய்ச்சி உதவித்தொகை நின்றுபோன மார்ச் அது.
முடியும் என்றேன்.

விதி எளிது.
ஒளிபவன் கண்ணுக்குத் தெரியமாட்டான்.
அவன் வேகத்துக்கு எல்லை கிடையாது.
தேடி முடித்த தெருவைக் காவலில்லாமல் விட்டு நகர்ந்தால்
அது மறுபடியும் தேடாத தெரு.
பாத்திரம் கழுவுகிற எவருக்கும் தெரிந்த விஷயம்.

எந்த ஊரானாலும் சரி, எத்தனை பேர் போதும் என்று
பொதுவாகக் கேட்டால்
எந்தக் கணினியும் சட்டென்று சொல்லாது.
ஆனால் எந்த ஊரும் பொதுவாக இருப்பதில்லை.

மெட்ரோத் தூண்களுக்கடியில் நீளும் சாலை வெறும் கோடு.
ஒருவர் போதும், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு.
ரிங் ரோடு வட்டம்: இருவர்,
ஒருவர் ஹெப்பாளில் நிற்க, மற்றவர் சுற்றி வர.
அவென்யூ ரோட்டுக்குப் பின்னால் பேட்டைச் சந்துகள்
முட்டுச்சுவர்களில் முடியும் மரம்.
ஒரு முக்கில் மூன்று கிளை பிரிந்து
மூன்றும் தலைக்கு இரண்டு பேர் கேட்டால்
மொத்தத்துக்கு மூன்று பேர்.
இலையிலிருந்து வேர்வரை
ஒரே நடையில் எண்ணிவிடலாம்,
மடியில் கணினி சூடாவதற்குள்.

ஜெயநகர்தான் கழுத்தை அறுத்தது.
கிராஸும் மெயினும் கிராஸும் மெயினுமாய்
கோரைப்பாய் போலப் பின்னிய தெருக்கள்.
குறுக்கே எத்தனை மெயினோ அத்தனை பேர்,
மேலே ஒருவர். அதற்குக் குறைந்தால் ஆகாது.
நான் வெட்டி எடுத்த துண்டில் ஏழு மெயின்.
ஏழும் ஒன்றும் எட்டு.
கட்டிமனி சிரித்து நான் பார்த்தது அன்று மட்டும்.
மாலைக்குள் மூன்று பேரின் அடையாள அட்டையை
வாங்கி டிராயரில் போட்டார்.

செப்டம்பர் மழை. லால்பாக் மேற்கு வாசல்.
நான்கு ஆட்டோ என்னை ரத்து செய்தபின்
ஐந்தாவது தானாக வந்து நின்றது.
தேவநேசன், தங்கவயல்காரர்
என்றது கண்ணாடியோரம் தொங்கிய அட்டை.
4471 என்றது எண் பலகை.
என் பட்டியலில் இருநூற்றெட்டாவது வரி.

"மெயின் வேணாம் மேடம், உள்ளாறவே போய்டலாம்."
கிராஸ். திருப்பம். கிராஸ்.
மருந்துக்கடை முக்கில்
நனைந்தபடி பைக்கில் இருவர். ஒருவன் புருஷோத்தம்,
என் எட்டில் ஒருவன்.
பலகையைப் பார்த்தான். உள்ளே குனிந்தான்.
என்னைக் கண்டதும் நெஞ்சில் கை வைத்து வணங்கிவிட்டு
ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொண்டான்.

தேவநேசன் வேகம் கூட்டவில்லை.
"சவாரி இருந்தா தொடமாட்டாங்க மேடம்.
அதான் காலியா நான் ஓட்றதே இல்ல.
நர்ஸுங்க, கால் சென்டர் பசங்க, யாராச்சும்.
துட்டு கொறச்சுக் குடுத்தாலும் சரி, பின்னாடி ஆளு வேணும்."

எட்டு பேர் போதும் என்று
பதினான்கு பக்கம் எழுதியிருக்கிறேன்.
ஒவ்வொரு முக்குக்கும் ஒரு புள்ளி,
ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு கோடு.
ஒளிபவனோடு கூடவே நகர்கிற,
ரெக்ஸின் கிழிந்து பஞ்சு தெரிகிற
இந்த முனையை எங்கும் வரையவில்லை.
இப்போது அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன்,
ஈரக் குடை காலைத் தொட்டபடி.

என் வீடு
இரண்டு கிராஸ் முன்னாடியே போய்விட்டது.

"எங்க நிறுத்தணும் மேடம்?"

மருந்துக்கடைப் பக்கமிருந்து
ஒற்றை விளக்கு ஒன்று திரும்பிக்கொண்டிருந்தது.
நேராகப் போங்க என்றேன்.